உங்கள் இலக்கம் தெரியாமல் கோல் எடுப்பது எப்படி: தொடக்கம் முதல் முடிவு வரை

ரொறன்ரோவில் எங்கள் முதியோர் குழு, தனியாக இருக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் வாரம் ஒரு தடவை தொலைபேசியில் எடுத்து நலம் விசாரிக்கிறது. மருந்து முடிந்துவிட்டதா, டொக்டரிடம் போக வாகனம் வேண்டுமா, இந்தப் பனிக்குள் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்போம். குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு மேசைத் தொலைபேசி. தொண்டர்கள் தங்கள் வீட்டிலிருந்து சொந்தக் கைபேசியில்தான் பேசுகிறார்கள்.

முதல் வருடம் எல்லோரும் சொந்த இலக்கத்தைக் காட்டியே எடுத்தோம். ஒரு தொண்டருக்கு இரவு இரண்டு மணிக்கு, "பிள்ளை, நித்திரை வரேல்லை" என்று கோல் வரத் தொடங்கியது. வாரத்தில் நான்கு இரவு. அவருக்குப் பகலில் வேலை, வீட்டில் கைக்குழந்தை. இரண்டு மாதத்தில் அவர் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தனிமையில் தெரிந்த ஒரே இலக்கத்தை அழுத்திய அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது. இலக்கத்தை மறைத்து எடுப்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பழகினோம்.

அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அழுத்த வேண்டிய குறி ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். எல்லோரும் தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும்தான். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. யாரிடமிருந்து மறைகிறது, யாரிடமிருந்து மறையாது

மறைக்கும் குறி *67, கூப்பிடும் இலக்கத்துக்கு முன்னால் அடிப்பது. அதை அடித்தால் நம் இலக்கம் எங்குமே போகாது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உங்கள் இலக்கம் எப்போதும்போல எதிர்முனையின் தொலைபேசி நிறுவனம் வரை போகிறது. கூடவே 'இதை அவருக்குக் காட்டாதே' என்ற குறிப்பும் போகிறது. கடைசி இணைப்பகம் அந்தக் குறிப்புக்குக் கட்டுப்பட்டு, மற்றவரின் திரையில் இலக்கத்துக்குப் பதிலாக 'பிரைவேட்' அல்லது 'நோ காலர் ஐடி' என்று போடுகிறது. மறைவது அந்தத் திரையில் மட்டும்தான்.

இது புரிந்தால் மற்றவை தானாக விளங்கும். 911க்கு எடுத்தால் உங்கள் இலக்கம் அவர்களுக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். 1-800, 1-888 போன்ற கட்டணமில்லா இலக்கங்களுக்கு எடுத்தாலும் மறையாது. அந்தக் கோலுக்குக் காசு கட்டுவது எதிர்முனை. யார் எடுத்தார் என்று கணக்குப் பார்ப்பதற்காக உங்கள் இலக்கம் அவர்களுக்கு வேறு வழியில் போய்ச் சேரும்.

தொல்லைக் கோல் வந்த ஒருவர், அது முடிந்த கையோடு *57 அழுத்தினால், மறைத்து எடுத்த இலக்கம்கூடத் தொலைபேசி நிறுவனத்தில் பதிவாகும். அந்த விவரம் அழுத்தியவருக்குக் கிடைக்காது, பொலிஸுக்குத்தான் போகும். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 372ஆவது பிரிவு தொலைபேசித் தொல்லையைக் குற்றமாக்குகிறது. இலக்கத்தை மறைத்து எடுத்தாலும் அது குற்றம்தான். யாரையாவது பயமுறுத்தத்தான் இதைத் தேடுகிறீர்கள் என்றால், இந்த வழி உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்று. இலக்கத்தை மறைப்பதும் வேறொருவரின் இலக்கத்தைப் போலியாகக் காட்டுவதும் ஒன்றல்ல. மறைப்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு கோலுக்கும் தனித்தனியாக மறைக்கும் வசதியைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்பது இங்கே தொலைபேசி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான சிஆர்டிசியின் விதி. போலியாகக் காட்டும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

திரும்ப எடுக்க ஒரு இலக்கம். அது உங்களுடையதாக இருக்கக் கூடாது. எங்களுக்கு அது மேசைத் தொலைபேசி. நீங்கள் ஆசிரியர் என்றால் பள்ளி அலுவலகத்தின் இலக்கம், வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கிறவர் என்றால் உங்கள் நிறுவனத்தின் இலக்கம். இது இல்லாமல் மறைத்து எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. நாம் அவரைத் தொடர்புகொள்ளலாம், அவர் நம்மைத் தொடர்புகொள்ள முடியாது என்றால் அந்த உறவு சரியாக இருக்காது.

காகிதத்தில் ஒரு பட்டியல். பெயர், இலக்கம், வீட்டு முகவரி, அப்பார்ட்மெண்ட் என்றால் கதவு இலக்கம், அவசரத்துக்கு மகனோ மகளோ யார் என்பது. முகவரி எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

சோதனைக்கு இரண்டாவது தொலைபேசி. வீட்டில் வேறொருவருடையது போதும்.

உங்கள் கைபேசியில் இரண்டு சிம் இருந்தால், எந்த சிம்மில் எடுக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மறைக்கும் அமைப்பு ஒவ்வொரு சிம்முக்கும் வேறு வேறு. ஒன்றில் மறைத்துவிட்டு மற்றதில் எடுத்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருவர்.

எதற்காக எடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நன்கொடை கேட்டோ டிக்கெட் விற்கவோ என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. அவை டெலிமார்க்கெட்டிங் விதிகளுக்குள் வரும், அங்கே இலக்கத்தைக் காட்டியே தீர வேண்டும். விற்பனைக் கோல் வேண்டாம் என்றவர்களின் இலக்கங்கள் இருக்கும் 'அழைக்காதே' பட்டியலில் இருந்து பதிவுபெற்ற அறநிலையங்களுக்கு விலக்கு உண்டு. இலக்கம் காட்டுவதில் விலக்கு இல்லை.

3. மற்றவருக்கு முதலே சொல்லுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் குறிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பிறகு "ஒருத்தரும் எடுக்கிறார்கள் இல்லை அக்கா" என்று என்னிடம் வருவார்கள். எடுக்க மாட்டார்கள்தான். வருமான வரி அலுவலகம் என்று சொல்லிப் பயமுறுத்தும் மோசடிக் கோல்களுக்குப் பிறகு, 'பிரைவேட்' என்று வந்தால் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது நல்ல புத்திமதி. அதை நாம் கெடுக்கக் கூடாது.

எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா. மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து எடுக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்ப்போம் என்று நான் நேரில் போனேன். நல்ல சுகமாக இருந்தார், இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். "அது ஆரோ களவான்கள் எண்டு நான் எடுக்கிறேல்லை" என்றார். தொலைபேசி குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் இருந்தது. அதன் மேலே மகனின் கையெழுத்தில் ஒரு தாள்: 'பிரைவேட் என்று வந்தால் எடுக்காதேங்கோ.' நான் அதற்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டினேன்: 'செவ்வாய் காலை 10:30. முதியோர் குழுப் பிள்ளை. பிரைவேட் என்றுதான் வரும். எடுத்ததும் அவ பெயர் சொல்லுவா, நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.' அடுத்த செவ்வாய் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

அந்தத் தாளில் இருந்த நான்கும்தான் நீங்கள் முதலே சொல்ல வேண்டியவை: நாள், நேரம், திரையில் என்ன வரும், எடுத்ததும் யார் முதலில் பேசுவார்கள். நான்காவதுதான் பாதுகாப்பு. மறைத்து எடுக்கிற நீங்கள் ஒருபோதும் "உங்கட பிறந்த திகதி என்ன, ஹெல்த் கார்ட் இலக்கம் என்ன" என்று கேட்கக் கூடாது. அதைக் கேட்கிறவன் மோசடிக்காரன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும். அப்படியான விவரம் தேவை என்றால், குழுவின் இலக்கத்துக்கு அவரே எடுக்கும்படி சொல்லுங்கள்.

இந்தத் தகவலைக் குழுவின் இலக்கத்தில் இருந்தோ நேரிலோதான் சொல்ல வேண்டும். உங்கள் கைபேசியில் இருந்து "நாளைக்கு மறைத்து எடுப்பேன்" என்று செய்தி அனுப்பினால், மறைக்கப்போகும் இலக்கத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

முடிந்தால் மகனோடோ மகளோடோ ஒரு தடவை பேசுங்கள். ஐபோனில் தெரியாத இலக்கங்களைச் சத்தமில்லாமல் வொய்ஸ்மெயிலுக்கு அனுப்பும் அமைப்பு உண்டு. சாம்சங்கிலும் கூகுள் போன் செயலியிலும், தடுத்த இலக்கங்கள் இருக்கும் பக்கத்தில் இலக்கம் காட்டாத கோல்களை முழுவதுமாகத் தடுக்கும் பொத்தான் உண்டு. இவற்றில் ஒன்று போட்டிருந்தால் நீங்கள் நூறு தடவை எடுத்தாலும் அந்தப் பக்கம் மணி அடிக்காது. பிள்ளைகள் நல்ல நோக்கத்தோடு போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

4. ஒரு கோலுக்கு மட்டும் மறைப்பது

கனடாவிலும் அமெரிக்காவிலும் குறி *67. கைபேசியில் இடைவெளி விடாமல் இப்படி அடியுங்கள்:

*674165550123

அடித்துவிட்டுப் பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். தரைவழித் தொலைபேசியில் *67 அடித்ததும் சில இடங்களில் சின்னச் சின்னதாய்ச் சத்தம் கேட்டு, மறுபடியும் டயல் ஒலி வரும். அது வரும் வரை பொறுத்திருந்து இலக்கத்தை அடியுங்கள். அவசரப்பட்டால் முதல் ஒன்றிரண்டு எண்கள் விழுங்கப்பட்டு, வேறு யாருக்கோ போய்விடும்.

பத்து எண்களையும் அடியுங்கள். 416, 647, 437 என்ற பகுதி எண்ணை விட்டுவிட்டால் இங்கே கோல் போகாது. பெயர்ப் பட்டியலில் +1 என்று சேமித்திருந்தால் அதை அப்படியே *67க்குப் பின்னால் ஒட்டாதீர்கள். நடுவில் வரும் + குறியைப் பல இணைப்புகள் ஏற்காது. + ஐ எடுத்துவிட்டு 1 மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் அடிக்கச் சிரமம் என்றால், *67 என்ற முன்குறியோடு சேர்த்தே இலக்கத்தைச் சேமியுங்கள். 'செவ்வாய் - முதலாவது' என்ற மாதிரிப் பெயர் போதும். இதில் ஒரு நன்மை இருக்கிறது: கை தவறி அழுத்தினாலும் மறைந்தபடிதான் போகும். ஆனால் அதே ஆளுக்கு முன்குறி இல்லாத இன்னொரு பதிவு உங்கள் கைபேசியில் இருக்கக் கூடாது. இருந்தால் அழித்துவிடுங்கள். அவசரத்தில் விரல் எதில் போய்ப் படும் என்று சொல்ல முடியாது.

5. எல்லாக் கோலையும் மறைக்கும் அமைப்பு: எங்கே இருக்கிறது, ஏன் வேண்டாம்

ஐபோனில் செட்டிங்ஸ், அதற்குள் ஆப்ஸ், அதற்குள் போன், அதற்குள் 'ஷோ மை காலர் ஐடி'. பழைய ஐபோனில் ஆப்ஸ் என்ற படி இல்லாமல் நேராகவே போன் இருக்கும். சாம்சங்கில் போன் செயலியின் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சப்ளிமெண்டரி சர்வீசஸ், காலர் ஐடி. கூகுள் போன் செயலியில் கோல் அமைப்புகளுக்குள் சிம்மைத் தொட்டுக் கூடுதல் அமைப்புகளுக்குள் போக வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறும். ஆண்ட்ராய்டில் மூன்று தெரிவுகள் வரும்: நெட்வொர்க் சொன்னபடி, மறை, காட்டு.

அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தாலோ, காணவே இல்லை என்றாலோ கைபேசியில் பிழை இல்லை. உங்கள் தொலைபேசி நிறுவனம் அதைத் திறந்துவிடவில்லை. அவர்களிடம் கேளுங்கள், அல்லது *67ஐ மட்டும் பயன்படுத்துங்கள்.

இதை நான் எங்கள் தொண்டர்களுக்குச் சிபாரிசு செய்வதில்லை. போட்ட பிறகு மறந்துவிடுகிறோம். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிறோம், மருந்தகத்துக்கு எடுக்கிறோம், வேலைக்கு நேர்முகம் கேட்ட இடத்துக்கு எடுக்கிறோம். எல்லா இடத்திலும் 'பிரைவேட்'. யாரும் திரும்ப எடுக்க முடியாது, ஏன் எடுக்கவில்லை என்று நமக்கும் விளங்காது. வாரத்தில் ஆறு கோலை மறைப்பதற்காக அறுபது கோலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு அது தேவைதான் என்றால் போடுங்கள். வன்முறையான வீட்டை விட்டு வெளியே வந்தவர்களுக்கு, மறந்துபோய் ஒரு தடவை காட்டினாலே ஆபத்து. அவர்களுக்கு நிரந்தர மறைப்புத்தான் சரி. அப்போது காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் *82 அடித்து, பிறகு இலக்கத்தை அடியுங்கள். அந்த ஒரு கோலுக்கு மட்டும் இலக்கம் தெரியும்.

6. சோதனை, இரண்டு தடவை

இரண்டாவது தொலைபேசிக்கு முதலில் சாதாரணமாக எடுங்கள், பிறகு *67 போட்டு எடுங்கள். இரண்டையும் பார்த்தால்தான் மறைப்பு உங்கள் குறியால் நடக்கிறதா என்று தெரியும். ஏற்கெனவே நிரந்தரமாக மறைந்திருந்தால் இரண்டு தடவையும் 'பிரைவேட்' வரும். அதைக் கவனிக்காமல் *67 வேலை செய்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு.

திரையை மட்டும் பார்த்தால் போதாது. கோலைத் தவறவிட்டு, அந்தத் தொலைபேசியின் கோல் பதிவிலும் வொய்ஸ்மெயிலிலும் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

சிம் மாற்றினால், நிறுவனம் மாற்றினால், புதிய கைபேசி வாங்கினால் மறுபடியும் சோதியுங்கள். இரண்டு நிமிட வேலை.

7. பேசும்போதும் பேசி முடித்த பிறகும் இலக்கம் வெளியே போகும் வழிகள்

எங்கள் குழுவில் இலக்கம் வெளியே போனதெல்லாம் *67 வேலை செய்யாததால் அல்ல. கீழே உள்ளவற்றால்தான்.

கோல் அறுந்து போவது. லிஃப்டுக்குள் போனதும் அறுந்துவிடும், பதற்றத்தில் பதிவில் இருக்கும் பெயரைத் தொட்டுத் திரும்ப எடுப்போம். பதிவில் இருந்து எடுக்கும்போது முன்குறி ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடியுங்கள், அல்லது முன்குறியோடு சேமித்த பதிவைத் தொடுங்கள். காரில் புளூடூத்தில் 'ரீடயல்' அழுத்துவதும் இதே கதைதான். காரில் இருந்து இந்தக் கோல்களை எடுக்காமல் விடுவது நல்லது.

குறுஞ்செய்தி. *67 குரல் அழைப்புக்கு மட்டும்தான். ஒரு தொண்டர் ஆறு மாதம் ஒழுங்காக மறைத்து எடுத்தார். ஒரு நாள் ஐயா ஒருவர் கிளினிக் முகவரியைக் கேட்டார். காதில் கேட்டு எழுதச் சிரமப்படுகிறாரே என்று இவர் அதைத் தன் கைபேசியில் இருந்தே செய்தியாக அனுப்பிவிட்டார். பாசத்தில் செய்ததுதான். ஆறு மாதக் கவனம் ஒரு செய்தியில் போனது. இப்போது எங்கள் வழக்கம் இது: எழுத்தில் ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால், குழுவில் மேசையில் இருப்பவரிடம் சொல்லி அங்கிருந்து அனுப்புவது.

வாட்ஸ்அப், வைபர், ஃபேஸ்டைம். இவை தொலைபேசி இணைப்பு வழியாகப் போவதில்லை, இணையத்தில் போகின்றன. *67க்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "முகத்தைப் பார்த்துக் கதைப்பம் பிள்ளை" என்று கேட்பார்கள். மனம் இளகும். உங்கள் சொந்தக் கணக்கில் அதைச் செய்தால் இலக்கம் போய்விடும்.

மூவர் பேசும் கோல். அம்மாவோடு மறைத்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், மகளையும் சேர்க்கிறீர்கள். மகளுக்குப் போவது புதிய கோல். அதற்கும் தனியாக *67 அடிக்க வேண்டும்.

வொய்ஸ்மெயிலில் செய்தி வைப்பது. பழக்க தோஷத்தில் கடைசியில் சொந்த இலக்கத்தைச் சொல்லிவிடுவோம். குழுவின் இலக்கத்தைப் பட்டியல் தாளின் உச்சியில் பெரிதாக எழுதிவையுங்கள். செய்தி வைக்கும்போது அதைப் பார்த்து வாசியுங்கள்.

8. எதிர்முனை எடுக்கவில்லை என்றால்

மணி அடித்து ஓய்ந்தால், பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை மறைத்து எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 'பிரைவேட்' என்று ஐந்தாறு தவறிய கோல்கள் வரிசையாக இருந்தால் யாருக்கும் பயம்தான் வரும்.

மணியே அடிக்காமல், இலக்கம் காட்டாத கோல்களை இவர் ஏற்பதில்லை என்று இயந்திரக் குரல் வந்தால், அவருடைய இணைப்பில் மறுக்கும் வசதி போட்டிருக்கிறது. சில தரைவழி இணைப்புகளில் அது *77 அழுத்தினால் தொடங்கும், *87 அழுத்தினால் நிற்கும். எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது அவர் வைத்திருக்கும் கதவு. அவருடைய பெயரைக் குழுவின் தொலைபேசியில் இருந்து எடுக்கிறவர்களின் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிப் பலர் இருந்தால் மறைப்பதை விட்டுவிட்டு இரண்டாவது இலக்கம் ஒன்றுக்குப் போவதே நல்லது. உங்கள் கைபேசியிலேயே செயலி வழியாகக் கனேடிய இலக்கம் ஒன்றை இலவசமாகப் பெறலாம். ஃபொங்கோ, டெக்ஸ்ட்நவ் இரண்டும் அப்படியானவை. திரையில் ஒரு இலக்கம் வரும், அவர்கள் அதைப் பெயரோடு சேமித்துக்கொள்ளலாம், உங்கள் சொந்த இலக்கமும் வெளியே போகாது. இரவில் அந்தச் செயலியின் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். 'அவசரம் என்றால் 911, மற்றதற்குக் காலையில் இந்த இலக்கத்துக்கு எடுங்கோ' என்று தமிழில் வொய்ஸ்மெயில் வாழ்த்து ஒன்றைப் பதிந்து வையுங்கள். நிறுத்திவைப்பது மட்டும் போதாது. இரவு எடுக்கிறவருக்கு ஒரு மனிதக் குரலாவது கேட்க வேண்டும்.

9. கனடாவுக்கு வெளியே

லண்டனில் இருப்பவர்களுக்கு முன்குறி 141. கைபேசியானாலும் தரைவழியானாலும் ஒன்றுதான்: 14107700900123 என்ற மாதிரி. நிரந்தரமாக மறைத்திருந்து ஒரு கோலுக்கு மட்டும் காட்ட 1470. நீங்கள் மறைத்து எடுத்த பிறகு அவர் 1471 அடித்துப் பார்த்தால், எடுத்தவர் இலக்கத்தை மறைத்திருக்கிறார் என்று மட்டுமே குரல் சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் தரைவழிக்கு 1831, கைபேசிக்கு #31#. ஐரோப்பாவில் கைபேசிக்குப் பெரும்பாலும் #31#தான். ஜெர்மனியில் ஒரு குழப்பம் இருக்கிறது: கைபேசியில் #31#, தரைவழியில் *31#. கைபேசியில் *31# என்றால் நேர்மாறு, இலக்கத்தைக் காட்டு என்று அர்த்தம். வீட்டில் பழகியதைக் கைபேசியில் அடித்தால் இலக்கம் பளிச்சென்று தெரியும். *#31# அடித்தால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று திரையிலேயே வரும்.

இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு நேரடியான பதில்: இது உங்களுக்குக் கிடைக்காது. இந்த வசதியைச் சாதாரணமாக வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது என்றே அங்குள்ள தொலைபேசி உரிம நிபந்தனை சொல்கிறது. காரணத்தைச் சரிபார்த்துத்தான் கொடுக்கலாம், பெற்றவர்களின் பெயரும் முகவரியும் அரசு அமைப்புகள் பார்க்கும்படி இருக்க வேண்டும், கோல் சென்டர்களுக்கும் மொத்த இணைப்புகளுக்கும் கிடையவே கிடையாது. கைபேசியின் மெனுவில் 'மறை' என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெனு கைபேசிக்காரர் வைத்தது, அனுமதிக்க வேண்டியது நெட்வொர்க். வேறு இலக்கம் காட்டும் செயலிகளைத் தேடிப் போகவும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், தொலைத்தொடர்பு அடையாளத்தைத் திரிப்பதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எடுப்பவரின் பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது, அங்கே போகும் திசை அதுதான். சென்னையிலோ மதுரையிலோ இதுபோன்ற குழு நடத்துகிறீர்கள் என்றால், குழுவுக்கென்று ஒரு தனி சிம் வாங்கி, முறை வைத்து அந்தக் கைபேசியைக் கைமாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு எடுக்கும்போது மறைப்பை நம்பவே வேண்டாம். 'காட்டாதே' என்ற குறிப்பை இடையில் உள்ள எல்லா நிறுவனமும் மதிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறைத்து எடுத்தால் முழு இலக்கமும் தெரியலாம், சம்பந்தமில்லாத ஒரு இலக்கம் வரலாம், கோல் போகாமலே நிற்கலாம்.

10. பேசிக்கொண்டிருக்கும்போது ஆபத்து என்றால்

மறுமுனையில் அம்மா விழுந்துவிட்டார், அல்லது மூச்சு வாங்குகிறது என்கிறார். அந்த இடத்தில் இலக்கம் மறைப்பது பற்றிய யோசனையே வரக் கூடாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: நீங்கள் 911க்கு எடுத்தால் அவர்களுக்குத் தெரிவது உங்கள் இலக்கமும் நீங்கள் இருக்கும் இடமும்தான். அம்மாவின் வீடு அவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பட்டியலில் முகவரியையும் கதவு இலக்கத்தையும் எழுதச் சொன்னேன்.

அம்மாவின் கோலை வைக்காதீர்கள். வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் அவரால் எடுக்க முடியாமல் போகலாம். வீட்டில் வேறு ஒருவரின் தொலைபேசியில் இருந்து 911க்கு எடுங்கள். *67 போட வேண்டாம். முதல் வசனத்திலேயே "நான் வேறு இடத்தில் இருக்கிறேன், உதவி வேண்டிய முகவரி இது" என்று சொல்லுங்கள். அவர் வேறு நகரத்தில் இருந்தால் அந்த நகரத்தின் பெயரையும் சொல்லுங்கள், உரிய நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். தமிழில் மட்டும் பேசுகிறவர் என்பதையும் கதவு பூட்டியிருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் வேறு தொலைபேசி இல்லை என்றால், நீங்கள் வைத்துவிட்டு 911க்கு எடுக்கப்போவதையும் உடனே திரும்ப எடுப்பதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு வையுங்கள். 911 பேசி முடித்ததும் அவருக்கு எடுங்கள், எந்த முன்குறியும் இல்லாமல். மறுபடியும் 'பிரைவேட்' என்று வந்தால் அவரோ, உள்ளே வந்த பக்கத்து வீட்டுக்காரரோ எடுக்காமல் விடலாம்.